வட்டு ஒன்று, கணினி வேறு

நுழையும்முன்

ஒரு கணினியில் உருவாக்கிய வட்டை வேறொரு கணினியில் இட்டால் அது சில வேளைகளில் திறப்பதில்லை. திறந்தாலும் தமிழ் எழுத்துகளுக்குப் பதிலாகப் பொருளற்ற குறிகள் தோன்றுகின்றன. இத்தடைகள் எங்கிருந்து எழுகின்றன? அவற்றைக் கடக்கத் தமிழ் உலகம் கண்ட வழிகள் எவை? இவற்றை விளக்குகிறது இப்பாடம்.

பழுதா, பொருத்தமின்மையா?

விழுப்புரம் தொடர்வண்டிச் சந்திப்பிலிருந்து சென்னை, திருச்சிராப்பள்ளி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என ஐந்து திசைகளில் இருப்புப்பாதைகள் பிரிகின்றன. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அச்சந்திப்பில் இரு வகைப் பாதைகள் அருகருகே இருந்தன. ஒன்று, தண்டவாளங்களுக்கிடையே 1676 மி.மீ. இடைவெளி கொண்ட அகலப்பாதை. மற்றொன்று, 1000 மி.மீ. இடைவெளி கொண்ட மீட்டர் பாதை. சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாக அகலப்பாதையில் வந்த பெட்டி, விழுப்புரத்தைக் கடந்து மயிலாடுதுறைக்குச் செல்லும் மீட்டர் பாதையில் ஓரடிகூட நகர முடியாது. பெட்டியில் பழுதில்லை, பாதையிலும் பழுதில்லை. இரண்டின் அளவும் ஒத்துவரவில்லை, அவ்வளவே. இவ்வாறு இரு பாதைகள் சந்திக்கும் இடங்களில் பயணிகள் வண்டி மாறுவதும், சரக்கை இறக்கி ஏற்றுவதும் வழக்கமாக இருந்தன.

கணினி உலகில் இதே நிலை நாள்தோறும் நேர்கிறது. ஆனால் நாம் அதனைப் பொருத்தமின்மை என்று உணராமல் பழுது என்று முடிவுசெய்துவிடுகிறோம். 'வட்டு கெட்டுவிட்டது' என்று சொல்லித் தூக்கி எறியப்பட்டவற்றுள் கெடாத வட்டுகள் எத்தனையோ இருந்திருக்கும்.

ஒரு நிலையை எண்ணிப் பாருங்கள். 1990-களின் இறுதியில், திண்டிவனத்தில் உள்ள ஒரு பள்ளியின் ஆண்டு மலர் கணினியில் தட்டச்சு செய்யப்படுகிறது. அது நெகிழ்வட்டு ஒன்றில் பதியப்பட்டு, ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவிலுள்ள விழுப்புரத்து அச்சகத்துக்குக் கொண்டுசெல்லப்படுகிறது. அச்சகத்தின் கணினி அந்த வட்டையே படிக்க மறுக்கலாம். வட்டைப் படித்தும், அதிலுள்ள கோப்புகளைக் காட்ட மறுக்கலாம். கோப்பைத் திறந்தும், தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துக் குவியலைக் காட்டலாம். மலரை உருவாக்கிய மென்பொருளையே வட்டில் கொண்டுவந்திருந்தால், அது இயங்க மறுக்கலாம். இவை நான்கும் வெவ்வேறு தடைகள். நான்குக்கும் தீர்வுகளும் வெவ்வேறு. பார்ப்பவருக்கோ எல்லாம் ஒன்றாகவே தோன்றும்: 'திறக்கவில்லை.'

வட்டின் மேற்பரப்பில்

முதல் தடை பொருள்சார்ந்தது. நெகிழ்வட்டின் மேற்பரப்பில் காந்தப் பூச்சு உண்டு. அதில் வட்ட வட்டமான தடங்களாகத் தரவுகள் பதியப்படும். ஐ.பி.எம். வகைக் கணினிகளில் பயன்பட்ட 3.5 அங்குல நெகிழ்வட்டில் ஒரு பக்கத்துக்கு 80 தடங்கள்; ஒரு தடத்துக்கு 18 பகுதிகள்; ஒரு பகுதிக்கு 512 பைட்டுகள். இரு பக்கங்களையும் சேர்த்துப் பெருக்கினால் 14,74,560 பைட்டுகள். இதனையே '1.44 எம்.பி. வட்டு' என்றனர். (1440-ஐ 1024-ஆல் பெருக்கினால் அந்த எண் வரும். ஆயிரத்தையும் ஆயிரத்து இருபத்து நான்கையும் கலந்து கணக்கிட்ட இந்தப் பெயர், அளவையியல் ஆசிரியர் எவருக்கும் உவப்பளிக்காது.)

1984-இல் வெளிவந்த மெக்கின்டாஷ் கணினியும் அதே 3.5 அங்குல வட்டைத்தான் பயன்படுத்தியது. கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. ஆனால் ஐ.பி.எம். வகைக் கணினி, வட்டை எப்போதும் நிமிடத்துக்கு 300 சுற்று என ஒரே வேகத்தில் சுழற்றும். மெக்கின்டாஷோ, தடங்களின் தொகுதிக்கேற்ப வேகத்தை மாற்றிச் சுழற்றி, நீளம் மிகுந்த வெளித்தடங்களில் கூடுதலாகப் பதியும். ஆகவே ஒன்றில் பதிந்ததை மற்றொன்றின் வட்டியக்கி படிக்க இயலவில்லை. எந்த மென்பொருளை நிறுவியும் பயனில்லை. சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையிலுள்ள தடை அது. 1988-இல் மெக்கின்டாஷில் இரு முறைகளையும் அறிந்த வட்டியக்கி பொருத்தப்பட்ட பின்னரே நிலைமை மாறியது.

குறுவட்டு இத்துன்பத்தைப் பெரிதும் குறைத்தது. காரணம், அது பரவுவதற்கு முன்பே உற்பத்தியாளர்கள் கூடிப் பேசி, தரவுகளை எவ்வாறு அடுக்குவது என்று உடன்பட்டனர். அவ்வுடன்பாடு 1988-இல் ஐ.எஸ்.ஓ. 9660 என்னும் பன்னாட்டுத் தரமாக வெளியிடப்பட்டது. எல்லோருக்கும் பொதுவாக இருக்கவேண்டும் என்பதற்காக அதன் அடிப்படை நிலையில் கட்டுப்பாடுகள் கடுமையாக இருந்தன: கோப்பின் பெயர் எட்டு எழுத்துகளுக்கும், அதன் பின்னொட்டு மூன்று எழுத்துகளுக்கும் மிகக்கூடாது, அவையும் ஆங்கிலப் பெரிய எழுத்துகள், எண்கள், அடிக்கோடு ஆகியனவாகவே இருத்தல் வேண்டும். கோப்புக்குத் தமிழில் பெயரிட வழியில்லை. பின்னர் வந்த விரிவாக்கங்களே அதனைத் தளர்த்தின.

இரண்டாவது தடை கோப்பு முறைமை. நூலகத்தில் நூல்கள் இருந்தால் மட்டும் போதாது. எந்த நூல் எந்த அடுக்கில் உள்ளது என்னும் அட்டவணையும் வேண்டும். வட்டில் அவ்வட்டவணையைப் பேணும் முறையே கோப்பு முறைமை ஆகும். விண்டோசுக்கு என்.டி.எஃப்.எஸ்., லினக்ஸுக்கு ஈ.எக்ஸ்.டி.4, மேக் கணினிக்கு வேறொன்று. விரலிகளில் வழக்கமாக உள்ள ஃபேட்32 முறையை ஏறத்தாழ எல்லா இயங்குதளங்களும் அறியும். ஆயினும் அதில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட தனிக் கோப்பை வைக்க இயலாது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. லினக்ஸ் முறையில் வடிவமைக்கப்பட்ட விரலியை விண்டோஸ் கணினியில் செருகினால், 'இதனைப் பயன்படுத்தும் முன் வடிவமைக்க வேண்டும், வடிவமைக்கவா?' என்னும் பொருள்பட ஒரு வினா தோன்றும். கணினி தான் அறியாத அட்டவணையை வெற்றிடம் என்று கருதுகிறது. 'ஆம்' என்று அழுத்தினால் பழைய அட்டவணை அழிந்துவிடும். ஆண்டுக்கணக்கான உழைப்பு இவ்வாறு ஒரு சொடுக்கில் மறைந்துபோகும். தெரியாத வட்டை முதலில் வேறொரு கணினியில் இட்டுப் பார்ப்பதே முறை. லினக்ஸ் இயங்குதளம் பிறருடைய கோப்பு முறைமைகள் பலவற்றையும் படிக்கவல்லது என்பதால், இத்தகைய சோதனைக்கு அது பெரிதும் பயன்படும்.

106 என்னும் எண்

மூன்றாவது தடையே தமிழரை மிகுதியாக வருத்தியது. ஆகவே அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

கணினி எழுத்துகளை அறியாது, எண்களையே அறியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் என்று வகுத்துக்கொண்ட அட்டவணையே குறியாக்கம் எனப்படுகிறது. ஆங்கிலத்துக்குரிய ஆஸ்கி அட்டவணையில் 106 என்னும் எண் 'ஜே' என்னும் சிறிய எழுத்தைக் குறிக்கும். தமிழுக்கென அத்தகைய பொது அட்டவணை கணினிகளில் நடைமுறைக்கு வராத காலத்தில், தமிழ் எழுத்துரு செய்தோர் ஓர் உத்தியைக் கையாண்டனர். எண்ணை அப்படியே விட்டுவிட்டு, அந்த எண்ணுக்குரிய வடிவத்தை மட்டும் மாற்றி வரைந்தனர். இலங்கைத் தமிழரிடையே பெருவழக்குப் பெற்ற பாமினி எழுத்துருவில் 106 என்னும் எண்ணுக்கு 'த' என்னும் வடிவம் வரையப்பட்டது. 107-க்கு 'ம'.

இதன் விளைவு என்ன? பாமினியில் 'தமிழ்' என்று தட்டச்சு செய்தால், வட்டில் உண்மையில் பதிவது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் ஆகும். பாமினி எழுத்துரு நிறுவப்பட்ட கணினியில் அது தமிழாகத் தெரியும். நிறுவப்படாத கணினியில் அந்த ஐந்து குறிகளே தெரியும். வட்டில் இருப்பது தமிழன்று. தமிழாகத் தோன்றுவதற்குரிய ஏற்பாடு மட்டுமே. திண்டிவனத்திலிருந்து வந்த கோப்பு விழுப்புரத்தில் ஆங்கிலக் குவியலாகத் தெரிந்ததன் காரணம் இதுதான்.

எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி அட்டவணை வகுத்தனர் என்பது துன்பத்தைப் பன்மடங்காக்கியது. அரசு அலுவலகங்களில் வானவில் ஔவையார், பதிப்பகங்களில் ஸ்ரீலிபி, இளங்கோ, அயலகத் தமிழரிடையே முரசு அஞ்சல், மயிலை, பாமினி என எழுத்துருக்கள் பெருகின. எட்டு பிட்டுகளைக் கொண்டு 256 எண்களையே குறிக்க இயலும். அவற்றுள் முதல் 128 ஆங்கிலத்துக்கும் குறியீடுகளுக்கும் உரியவை. எஞ்சியவற்றுள் தமிழின் 247 எழுத்துகளையும் கிரந்த எழுத்துகளையும் அடக்க முடியாது. ஆகவே எழுத்துகளை உறுப்புகளாகப் பிரித்தனர்: கொம்பு தனி, கால் தனி, 'க' தனி. 'கொ' என்பதை ஒற்றைக் கொம்பு, ககரம், கால் என மூன்று எண்களாகப் பதிந்தனர். எந்த உறுப்புக்கு எந்த எண் என்பதில்தான் எழுத்துருக்குத் எழுத்துரு வேறுபாடு.

இந்நிலையை மாற்ற முயற்சிகள் எழுந்தன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணையம் 99 மாநாட்டில் விசைப்பலகையும் குறியாக்கமும் விவாதிக்கப்பட்டன. அதன் பயனாக அவ்வாண்டே தமிழ்நாடு அரசு தமிழ் 99 விசைப்பலகையையும், டாம், டாப் என்னும் இரு குறியாக்கங்களையும் தரமாக அறிவித்தது. டாம் என்பது தமிழுக்கு மட்டும். டாப் என்பது தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும். ஏறத்தாழ அதே காலத்தில், உலகெங்கும் பரவியிருந்த தமிழ்க் கணினி ஆர்வலர்கள் மின்னஞ்சல் வழியே கூடி விவாதித்துத் திஸ்கி என்னும் குறியாக்கத்தை உருவாக்கினர். தடையை நீக்க வந்த தரங்களே ஒன்றுக்கு மேற்பட்டனவாக அமைந்தது, அக்காலத்தின் ஒரு முரண்.

பொதுத் தீர்வு ஒருங்குறி வழியே வந்தது. உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே அட்டவணை என்னும் நோக்கில் அமைந்த ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991-இல் வெளியாயிற்று. அதில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரையிலான 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. இதன்படி 'த' என்பது 2980. 'ம' என்பது 2990. 106 ஆங்கிலத்துக்கே உரியது. இரண்டும் ஒரே கோப்பில் இருந்தாலும் குழப்பமில்லை. ஆனால் அட்டவணை அமைந்தவுடன் பயன் கிட்டவில்லை. இயங்குதளங்கள் அதனை ஏற்கவேண்டும். விண்டோஸ் வரிசையில் விண்டோஸ் 2000 பதிப்பிலேயே தமிழ் ஒருங்குறியும் அதற்குரிய லதா எழுத்துருவும் இடம்பெற்றன. அதற்கு முந்தைய விண்டோஸ் 98 கணினிகளை வைத்திருந்தோர்க்கு அட்டவணை இருந்தும் பயனில்லை. 2010 ஜூனில், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்ற காலத்தில், தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. அதனுடன் 'தமிழ் அனைத்து எழுத்துக் குறியாக்கம் 16' என்பதையும் ஏற்றது. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் தருவது இக்குறியாக்கம்.

ஒருங்குறி குறையற்றது அன்று. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான முன்மாதிரி ஒன்றைப் பின்பற்றியதால், அதில் நகரத்தை அடுத்த எண்ணிலேயே னகரம் வைக்கப்பட்டது. தமிழ் நெடுங்கணக்கிலோ னகரம் இறுதி மெய். எண் வரிசைப்படி மட்டும் அடுக்கினால் தமிழ் அகராதி வரிசை கிடைக்காது. அதற்கெனத் தனி விதியை மென்பொருளில் எழுதவேண்டும். இருப்பினும், எல்லாக் கணினிகளும் கைப்பேசிகளும் ஏற்றுக்கொண்ட ஓர் அட்டவணை என்பதே அதன் பெரும்பயன். சிறு குறையுடைய பொது உடன்பாடு, குறையற்ற தனி ஏற்பாட்டைக் காட்டிலும் மேலானது என்றே கருதவேண்டியுள்ளது.

ஏட்டுச்சுவடியும் எழுத்து மாற்றியும்

பழைய குறியாக்கத்தில் உள்ளவற்றை ஒருங்குறிக்கு மாற்றுவதற்கு எழுத்து மாற்றி மென்பொருள்கள் உள்ளன. பொங்குதமிழ், என்.எச்.எம். மாற்றி ஆகியன பலரும் பயன்படுத்தியவை. ஓர் எண்ணை எடுத்து மற்றோர் எண்ணை வைப்பது எளிய வேலைதானே என்று தோன்றலாம். அவ்வளவு எளிதன்று.

முதலாவதாக, வரிசை மாறுகிறது. பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு முதலிலும் மெய் அடுத்தும் பதியப்பட்டன. ஒருங்குறியில் ஒலிக்கும் வரிசைப்படி மெய் முதலிலும் உயிர்க்குறி அடுத்தும் வரும். மாற்றி இதனை அறிந்து இடம்மாற்ற வேண்டும்.

இரண்டாவதாக, கோப்பின் நடுவே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருக்கும். வெறும் உரையாக எடுக்கும்போது எது எந்த எழுத்துருவில் இருந்தது என்னும் குறிப்பு உதிர்ந்துவிடும். மாற்றிக்கு 106 என்பது 'ஜே'யா, 'த'வா என்று தெரியாது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஊர்ப்பெயரும் பொருளற்ற தமிழ் எழுத்துகளாகிவிடும்.

மூன்றாவது சிக்கல் நுண்ணியது. 'ஔ' என்னும் எழுத்தின் வலப்புறம் உள்ள சிறகும், 'ள' என்னும் எழுத்தும் வடிவில் ஒத்தவை. எனவே பலர் 'ஒ' என்பதை அடுத்து 'ள' தட்டச்சு செய்து 'ஔ' என்று காட்டிவந்தனர். அச்சில் வேறுபாடு தெரியாது. ஒருங்குறிக்கு மாற்றியபின், 'ஔவை' என்பது 'ஒளவை' ஆகிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. கணினிக்கு, முன்னது 2964-இல் தொடங்கும் சொல். பின்னது 2962, 2995 எனத் தொடங்கும் வேறு சொல். நீங்கள் ஔவையைத் தேடினால் ஒளவை கிடைக்கமாட்டார். எழுத்துரு ஒன்றுக்கே அவர் பெயரைச் சூட்டிய நாட்டில், இணையத்திலும் மின்னூல்களிலும் அவர் பெயர் இன்றும் இரு வகையாகச் சிதறிக் கிடக்கிறது.

இச்சிக்கல் தமிழுக்குப் புதிதன்று. ஏட்டுச்சுவடியில் புள்ளியிடும் வழக்கம் இல்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. காலும் ரகரமும் ஒரே வடிவில் இருக்கும். உ.வே. சாமிநாதர் முதலிய பதிப்பாசிரியர்கள் இலக்கணமும் யாப்பும் பொருளும் அறிந்திருந்ததாலேயே எது எந்த எழுத்து என்று துணிய முடிந்தது. எழுத்து மாற்றி இயந்திரமாதலால் விரைவாக மாற்றும், துணிந்து தீர்ப்பளிக்காது. மாற்றிய உரையை ஒருவர் அமர்ந்து மெய்ப்புப் பார்த்தே ஆகவேண்டும்.

தெரிந்து தெளிவோம்

தட்டச்சுப்பொறியில் ஒரு வரி முடிந்ததும் இரு செயல்கள் நிகழும்: உருளை இடப்புறத் தொடக்கத்துக்கு வரும், தாள் ஒரு வரி மேலேறும். இவ்விரண்டுக்கும் ஆஸ்கியில் 13, 10 என இரு எண்கள் உண்டு. விண்டோஸ் வரியிறுதியில் இரண்டையும் பதியும். லினக்ஸ் 10-ஐ மட்டும் பதியும். பழைய மெக்கின்டாஷ் 13-ஐ மட்டும் பதிந்தது. ஒரு கணினியில் எழுதிய உரை மற்றொன்றில் பத்தி பிரியாமல் ஒரே வரியாக ஓடுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

துபாஷியும் இரட்டை இயங்குதளமும்

நான்காவது தடை மென்பொருளுக்குரியது. உரைக் கோப்பு என்பது சரக்கு. மென்பொருள் என்பது வண்டி. சரக்கை இறக்கி ஏற்றலாம். வண்டியைப் பாதை மாற்றுவது எளிதன்று.

மென்பொருள் இரு வகையில் கணினியைச் சார்ந்திருக்கிறது. முதலில், அது குறிப்பிட்ட செயலியின் கட்டளை மொழியில் அமைந்திருக்கும். மேசைக்கணினியின் செயலி அறிந்த கட்டளைகளைக் கைப்பேசியின் செயலி பெரும்பாலும் அறியாது. அடுத்து, கோப்பைத் திற, திரையில் வரை, அச்சிடு என ஒவ்வொரு பணிக்கும் மென்பொருள் இயங்குதளத்தின் உதவியைக் கோரும். அக்கோரிக்கைகளின் பெயரும் முறையும் விண்டோசில் ஒருவகை, லினக்ஸில் வேறுவகை. ஆகவே செயலி ஒன்றாகவே இருந்தாலும், விண்டோசுக்கென ஆக்கப்பட்ட இ.எக்ஸ்.இ. கோப்பு லினக்ஸில் நேரடியாக இயங்குவதில்லை.

இதனை நம் மாநில மாணவர்கள் நேரில் கண்டுள்ளனர். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பெற்ற விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோசும் பாஸ் லினக்ஸும் இருந்தன. பாஸ் என்பது இந்திய மொழிகளுக்கு இடந்தந்து சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இயங்குதளம். கணினியை இயக்கியதும் எதில் நுழைவது என்னும் தெரிவு திரையில் தோன்றும். இருப்புப்பாதையில் மூன்றாவது தண்டவாளம் ஒன்றைப் பதித்து இருவகை வண்டிகளையும் ஒரே தடத்தில் ஓடவிடும் முறை உலகின் சில இடங்களில் உண்டு. இரட்டை இயங்குதளம் அதனைப் போன்றது. ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றே இயங்கும். போட்டித் தேர்வு நூலுடன் வந்த குறுவட்டைப் பாஸ் தளத்தில் இட்டு, இயங்கவில்லை என்று கண்டவர், கணினியை மூடி மறுபடி விண்டோசில் திறக்கவேண்டும்.

மூடித் திறக்காமல் செய்ய வழியுண்டா? உண்டு. ஆனந்தரங்கர் காலப் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் தமிழரின் சொல்லையும், தமிழரிடம் பிரெஞ்சுக்காரரின் சொல்லையும் எடுத்துரைக்கத் துபாஷிகள் இருந்தனர். 1993-இல் தொடங்கப்பட்ட ஒயின் என்னும் மென்பொருள், லினக்ஸில் அத்தகைய துபாஷியாகப் பணிபுரிகிறது. விண்டோஸ் மென்பொருள் விடுக்கும் கோரிக்கையை அது வாங்கி, லினக்ஸுக்குப் புரியும் கோரிக்கையாக மாற்றித் தருகிறது. எல்லா மென்பொருளும் இதில் இயங்கும் என்று சொல்ல இயலாது. துபாஷி அறியாத சொல் வந்தால் உரையாடல் நின்றுவிடும்; எளிய மென்பொருள்கள் இயங்கும், சிக்கலானவை இடறும்.

மற்றொரு வழி மெய்நிகர் கணினி. உண்மைக் கணினிக்குள் மென்பொருளாலேயே இன்னொரு கணினியை அமைத்து, அதனுள் வேறோர் இயங்குதளத்தை நிறுவுவது இது. இதற்கு நினைவகம் மிகுதியாக வேண்டும். பள்ளி மடிக்கணினிகளில் தடுமாறும். செயலியே வேறானபோது, பழைய செயலியைப் போலவே நடித்துக்காட்டும் போன்மி மென்பொருள்கள் உதவும். ஆப்பிள் நிறுவனம் 1994, 2006, 2020 என மும்முறை தன் கணினிகளின் செயலி வகையை மாற்றியது. ஒவ்வொரு முறையும் பழைய மென்பொருள்கள் சில காலம் இயங்குமாறு கட்டளைகளை மாற்றித்தரும் ஏற்பாட்டையும் உடன் வழங்கியது. பயனர் பலருக்கு இடையில் ஒரு மாற்றம் நிகழ்ந்ததே தெரியாது.

இவையெல்லாம் வண்டியை மாற்றாமல் வழியை மாற்றும் முயற்சிகள். வண்டியையே மாற்றிக் கட்டுவதற்கு மென்பொருளின் மூலநிரல் கையில் இருக்கவேண்டும். 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டமும், 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கருவும் மூலநிரலை அனைவருக்கும் திறந்துவைத்தன. மூலநிரல் கிடைப்பதால், ஒரு தளத்துக்கென எழுதிய மென்பொருளை மற்றொரு தளத்துக்கேற்ப எவரும் மாற்றி அமைக்கலாம். லிப்ரே ஆபீஸ் என்னும் அலுவலக மென்பொருள் விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் கிடைப்பது இதனால்தான். விழுப்புரத்தில் தன்னார்வலர்கள் நடத்தும் குனு லினக்ஸ் பயனர் குழு, ஊரகப்பகுதி மாணவர்களுக்கு இத்தகைய கட்டற்ற மென்பொருள்களைக் கட்டணமின்றிக் கற்பித்துவருகிறது. பெருநகரத்துக்கு வெளியே இவ்வாறு ஒரு குழு ஊன்றி நிற்பது எளிய செயலன்று.

காலமும் ஒரு வேற்றுக் கணினியே

இதுவரை ஓரிடத்துக் கணினிக்கும் மற்றோரிடத்துக் கணினிக்கும் இடையிலான வேறுபாட்டைக் கண்டோம். நேற்றைய கணினிக்கும் இன்றைய கணினிக்கும் இடையிலும் அதே வேறுபாடு உண்டு.

இங்கிலாந்தில் 1086-ஆம் ஆண்டில் நாட்டின் பெரும்பகுதியில் உள்ள நிலங்களையும் குடிகளையும் கணக்கெடுத்துத் தோலேட்டில் எழுதினர். டூம்ஸ்டே நூல் என்பது அதன் பெயர். அதன் 900-ஆம் ஆண்டு நிறைவையொட்டி 1986-இல் பி.பி.சி. நிறுவனம் அதே போன்றதொரு கணக்கெடுப்பைப் பொதுமக்கள், பள்ளி மாணவர்கள் துணையுடன் நடத்தி, இரு பெரிய லேசர் வட்டுகளில் பதிந்தது. அவ்வட்டுகளைப் படிக்கத் தனி வட்டியக்கியும் அக்காலப் பி.பி.சி. கணினியும் வேண்டும். பதினைந்தே ஆண்டுகளில் அக்கருவிகள் அரியனவாகிவிட்டன. 2002-இல் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்பழைய கணினியைப் போலவே இயங்கும் போன்மியை உருவாக்கித்தான் அதனைத் திறக்க முடிந்தது. 1086-ஆம் ஆண்டின் தோலேட்டை அதன் மொழியும் எழுத்தும் அறிந்தோர் இன்றும் படிக்கின்றனர்.

நம்மிடம் உள்ளவையும் இதே நிலையை நோக்கிச் செல்கின்றன. 1998-இல் வெளிவந்த ஐமேக் கணினியிலேயே நெகிழ்வட்டியக்கி இல்லை. நெகிழ்வட்டு உற்பத்தியில் முன்னின்ற சோனி நிறுவனம் 2011-இல் அவற்றின் விற்பனையை நிறுத்தியது. காந்தப் பூச்சு ஆண்டுகள் செல்லச்செல்ல வலுவிழக்கும். ஈரக்காற்றில் பூஞ்சை படியும். இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் சிற்றூர்களிலும் சிறு நகரங்களிலும் கணினியில் எழுதப்பட்ட பள்ளி மலர்கள், கோயில் வரலாறுகள், ஆய்வேடுகள், சிற்றிதழ்கள் எல்லாம் இத்தகைய வட்டுகளில், எவரோ வகுத்த தனி அட்டவணைப்படி உறங்குகின்றன. அச்சான படி இல்லையெனில், அந்த வட்டே ஒரே சான்று.

மதுரைத் திட்டம் இவ்வகையில் நோக்கத்தக்கது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் தலைமையில், 1998 பொங்கல் நாளில் தொடங்கிய இத்தன்னார்வத் திட்டம், தமிழ் இலக்கியங்களை மின்பதிப்பாக்கி விலையின்றி வழங்குகிறது. அதில் முதல் எண் பெற்ற நூல் திருக்குறள். விண்டோஸ், மெக்கின்டாஷ், யூனிக்ஸ் ஆகிய மூன்று தளங்களுக்கும் ஏற்ற மயிலை என்னும் எழுத்துருவை அவரே முன்னர் உருவாக்கியிருந்தார். திட்டத்தின் நூல்கள் தொடக்கத்தில் மயிலை, இணைமதி எழுத்துருக்களிலும், பின்னர்த் திஸ்கியிலும், அதன்பின் ஒருங்குறியிலும் வெளியிடப்பட்டன. குறியாக்கம் மாறும்போதெல்லாம் நூல்களை உடன் மாற்றிக்கொண்டே வந்ததால், அன்று உள்ளிட்ட உழைப்பு இன்றைய கைப்பேசியிலும் படிக்கக் கிடைக்கிறது.

பழைய தமிழ்க் கோப்பு ஒன்றைக் காக்க விழைவோர் அதன் மூலப்படியை ஒருபோதும் மாற்றாமல் அப்படியே ஒரு படி எடுத்து வைக்கவேண்டும். எந்த எழுத்துருவில் எழுதப்பட்டது என்பதைக் கோப்பின் பெயரிலேயே குறித்துவைப்பது பின்னால் வருவோர்க்கு உதவும். மாற்றிய உரையை ஒருங்குறியில் எளிய உரைக் கோப்பாகச் சேமிக்கலாம். பி.டி.எஃப். ஆக்கினால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். பழைய எழுத்துருவை உள்ளடக்கிய பி.டி.எஃப். கோப்பு பார்வைக்குத் தமிழாகத் தோன்றும், அதிலிருந்து ஒரு வரியைப் படியெடுத்து ஒட்டினால் மீண்டும் ஆங்கிலக் குவியலே வரும். ஒட்டிப் பார்ப்பதற்கு அரை நிமிடம் ஆகும். அந்தச் சோதனையைச் செய்த பின்னரே பழைய கணினியை அப்புறப்படுத்தலாம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள அச்சகத்துக்கோ தட்டச்சு நிலையத்துக்கோ சென்று, அங்கு முன்னர்ப் பயன்படுத்திய தமிழ் எழுத்துருக்கள் எவை என வினவி எழுதுக. அவற்றில் உள்ள ஒரு பக்கத்தை ஒருங்குறிக்கு மாற்றி, நேர்ந்த பிழைகளை வகைப்படுத்துக.

2. இணையத்தில் 'ஔவையார்' என்றும் 'ஒளவையார்' என்றும் தனித்தனியே தேடி, கிடைக்கும் முடிவுகளை ஒப்பிட்டு வகுப்பில் கலந்துரையாடுக.

3. உங்கள் பள்ளியின் பழைய ஆண்டு மலர்கள் கணினிக் கோப்பாக உள்ளனவா எனக் கண்டறிந்து, அவை எவ்வகை வட்டில், எவ்வகைக் கோப்பாக உள்ளன என்று அட்டவணைப்படுத்தித் தலைமையாசிரியரிடம் அளிக்க.